ராடெ தன்னை வெளியே எடுத்த நாள்

ஜெர்மனியின் கொலோன் நகரத்து ட்ராமில் ஏறும்போது ராடெ மறக்காமல் தலையைக் குனிவார். இறங்கும்போது மறந்துபோய் ‘டங்’ என்று இடித்துக்கொள்வார். ஆறடி எட்டங்குல மனிதருக்கு இந்த உலகத்தில் யார்தான் அளவெடுத்து வாசல் வைத்திருக்கிறார்கள்? முழுப்பெயர் ராடொமிர். ஊர், சேர்பியாவில் சாச்சாக். அந்த ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி முதலில் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பாளாம், பந்து பிடிக்க அகலம் காணுமா என்று. இது அவரே சொன்ன கதை. அவர் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம் என்பது பிளோறன்ஸின் கணிப்பு.

பிளோறன்ஸ் மன்னாரிலிருந்து எண்பத்தொன்பதில் அகதியாக வந்தவள். கணவர் லோறன்ஸ், ஒரே மகள் லவினியா. வேலை, முதியோர் இல்லத்துச் சமையலறையில். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் பூசை, பின்னேரம் கூடைப்பந்து. பூசைக்குப் பிந்தினாலும் பிந்துவாள், ஆட்டத்துக்குப் பிந்தமாட்டாள் என்று லோறன்ஸ் குத்திக்காட்டுவார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

இந்தக் கூத்தைத் தொடக்கிவைத்தது லவினியா. பன்னிரண்டு வயதில் ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் சேர்ந்தாள். பிள்ளை விளையாடினால் தாயோ தகப்பனோ மேசையில் உதவிக்கு இருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. மேசை என்றால் ஆடுகளத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் நீள மேசை. புள்ளி எழுதுகிறவரும் நேரம் பார்க்கிறவரும் அங்கேதான் இருப்பார்கள். மற்றப் பெற்றோர்கள் முதுகு வலி, மாமியார் வருகிறா என்று ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி நழுவிவிட்டார்கள். பாடசாலையில் வலைப்பந்து ஆடிய பிளோறன்ஸ் மட்டும் “சரி, இருக்கிறன்” என்று இருந்துவிட்டாள். அடுத்த வருடமே மகளுக்குப் பந்தில் வெறுப்புத் தட்ட, அவள் கித்தார் படிக்கப் போய்விட்டாள். தாயோ மேசையை விட்டு எழும்பவில்லை. மேசையில் புள்ளி எழுதுவதற்கு லீக் நடத்திய பரீட்சையை ஜெர்மனில் எழுதி முழுப் புள்ளி வாங்கினாள். ‘உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது’ என்று இல்லாமல் ஜெர்மன்காரரிடமிருந்து அவளுக்கு வந்த முதல் கடுதாசி அந்தச் சான்றிதழ்தான். சட்டம் போட்டு மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள்.

ராடெ அந்தக் கழகத்துக்கு வந்தது இரண்டாயிரத்து இரண்டில். முப்பத்தைந்து வயது. இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சைத் தழும்பு. கீழ்ப்பிரிவில் ஆடுகிற ஒரு புறநகர்க் கழகத்துக்கு வந்து சேருகிற ஆளே இல்லை அவர். பத்தொன்பது வயதில் யூகோஸ்லாவியாவின் முதல் பிரிவில் ஆடியவர். அங்கே பருவம் தொடங்குமுன் ஒரு மாதத்துக்குப் பந்தைக் கண்ணிலும் காட்டமாட்டார்களாம். மலையில் ஏறி ஓடு, இறங்கி ஓடு, சத்தி எடுத்தால் வாயைத் துடைத்துவிட்டு ஓடு. அப்படி ஓடி ஓடி, ஆள் உருப்பட்டு வருகிற நேரத்தில் நாடு உடைந்தது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் தடை. இருபத்தைந்து வயதில், உடம்பு சொன்னதைக் கேட்கிற வயதில், அவருக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள். பிறகு ஹங்கேரியில் ஒரு வருடம், சைப்ரஸில் இரண்டு வருடம், தொண்ணூற்றாறில் ஜெர்மனியின் இரண்டாம் பிரிவு.

தொண்ணூற்றொன்பதில் நேட்டோ விமானங்கள் சேர்பியாவில் குண்டு போட்டபோது அவர் ஜெர்மனியில்தான் இருந்தார். ஊரில் குண்டு விழுந்த அன்று மாலை அவருக்கு ஆட்டம். தாய்க்கு அடித்த தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. இறங்கி ஆடினார். இருபத்தேழு புள்ளி போட்டார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. குண்டு போட்ட விமானங்களில் ஜெர்மன் விமானங்களும் இருந்தன, கைதட்டியதும் ஜெர்மன் கைகள்தான். அன்றைக்குக் குளியலறையில் இருந்து ஒரு மணித்தியாலம் வெளியே வரவில்லை என்று ஒருநாள் பிளோறன்ஸிடம் சொன்னார். தாய் தப்பிவிட்டா என்று மறுநாள்தான் தெரிந்ததாம்.

“அதே வருசம்தான் எங்கட ஊர் மடு மாதா கோயிலில ஷெல் விழுந்தது,” என்றாள் பிளோறன்ஸ். “நான் நாப்பது கிழடுகளுக்கு சூப் ஊத்திக்கொண்டு நிண்டனான். ஊத்தாமல் விட ஏலாதே.”

இரண்டு பேரும் பேசியது ஜெர்மன். இரண்டு பேருடைய ஜெர்மனும் நொண்டிதான். அவள் வீட்டுக்குப் போய் லோறன்ஸுக்குச் சொல்லும்போது ராடெயும் தமிழில்தான் பேசுவார், அதுவும் நல்ல மன்னார்த் தமிழில். அன்றிலிருந்து அவர்கள் சிநேகிதர்கள்.

கழகத் தலைவர் லின்டன், குழாய் பொருத்துகிற ஒரு சின்னக் கம்பெனியின் முதலாளி. பெரிய கழகம் முழங்காலைப் பார்த்துவிட்டுக் கைகுலுக்கி அனுப்பிவிட்ட மனிதருக்கு அவர்தான் பகலில் வேலையும் மாலையில் அணியில் இடமும் கொடுத்தார். இரண்டாயிரத்து நாலில் பயிற்றுநர் விலகிப் போக, “ராடெ, இனி நீயே விளையாடு, நீயே பயிற்சியும் கொடு,” என்றார். கீழ்ப்பிரிவுகளில் இது வழக்கம்தான்.

ராடெக்கு உண்மையில் தேவையாக இருந்தது அதுதான். குழாய் பொருத்தப் பிறந்தவரல்ல அவர். முழங்கால் போனாலும் பந்துக்குப் பக்கத்தில் இருக்க ஒரே வழி பயிற்றுநராவது. அதற்கான படிப்பையும் வார இறுதிகளில் போய் முடித்திருந்தார். அந்த மனிதருக்கு விளையாட்டு தெரிந்தது போல அந்தப் பிராந்தியத்தில் வேறு ஆளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு வில்லங்கம் இருந்தது. யார் ஒரு பிழை விட்டாலும் அந்த நிமிடமே வெளியே எடுத்து ஓரத்து வாங்கில் இருத்திவிடுவார். தான் ஐந்து பிழை விட்டாலும் தன்னை எடுக்கமாட்டார். மூச்சு வாங்கும், முகம் சிவந்து பீட்ரூட் மாதிரி ஆகும், எதிரணிப் பெடியன்கள் பக்கத்தால் காற்றாய்ப் போவார்கள். மனிதர் நின்றபடியே நிற்பார். அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டத்தில் ஐந்தாவது பவுல் வாங்கி, நடுவர் பார்த்து அனுப்பித்தான் வெளியே போனார். எதிராளியை இடிப்பது, தள்ளுவது போன்ற பவுலை ஒருவர் ஐந்து தடவை செய்தால் அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு பவுலுக்கும் இலக்கம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவது பிளோறன்ஸின் வேலை. ஐந்தாவது அட்டை சிவப்பு.

ஒருநாள் பயிற்சி முடிய அவள் நேரடியாகவே கேட்டாள்.

“ஏன் ராடெ இப்பிடிச் செய்யிறீங்கள்? களைச்சா வந்து இருக்கலாம்தானே?”

“எங்கட ஊரில விளையாடுறவன் தான் களைச்சுப்போனன் எண்டு சொல்லமாட்டான். ட்ரெயினர் கூப்பிட்டாத்தான் வெளிய வருவான். தானாக் கேட்டு வாறவனை அடுத்தநாள் ஒருத்தரும் மதிக்கமாட்டினம்.”

“இப்ப ட்ரெயினரும் நீங்கள்தானே. ஆர் உங்களைக் கூப்பிடுறது?”

ராடெ தலையைச் சொறிந்தார். “அதுதான் எனக்கும் விளங்கேல்லை,” என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாயும் இருந்தது.

அடுத்த ஏப்ரலில் பிரச்சினை முற்றிவிட்டது. அணியில் ஆறு பேர் சேர்ந்து லின்டனிடம் போய், எங்களுக்கு ஒரு நீதி, ராடெக்கு ஒரு நீதி என்றால் நாங்கள் அடுத்த பருவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பருவத்தில் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம். தோற்றால் இன்னும் ஒரு பிரிவு கீழே இறங்க வேண்டும். லின்டன் மண்டபத்துக்கே வந்தார். பிளோறன்ஸ் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் காதிலும் எல்லாம் விழுந்தது.

“ராடெ, அடுத்த வருடம் உன்னை ஆட்டத்தை விட்டு எடுத்து முழுநேரப் பயிற்றுநராக்க நான் நினைத்திருக்கிறேன். இறங்கினால் இறங்குவோம், அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் மற்றவனை அளக்கிற கோலால் உன்னையும் அளப்பாயா என்று இந்தப் பெடியன்கள் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நீயே உன்னை வெளியே எடுத்துக் காட்டு. இந்த முறையும் ஐந்தாவது பவுல் வாங்கித்தான் போனாயென்றால், நான் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும்.”

“செய்வேன்,” என்றார் ராடெ. அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பிளோறன்ஸ் கண்ணால் கண்டாள்.

ஞாயிறு பின்னேரம் மண்டபத்தில் இருக்க இடமில்லை. லோறன்ஸ்கூட வந்திருந்தார். ராடெ அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை என்ன சொல்ல! முழங்கால் இரண்டிலும் பட்டை சுற்றி, பாதி வயதுப் பெடியனைப் போல் எழும்பி எழும்பிப் பந்து பறித்தார். மூன்றாம் கால் பகுதியில் நாலாவது பவுல் விழுந்தது. பிளோறன்ஸ் நாலாவது அட்டையைத் தூக்கினாள். கடைசிக் கால் பகுதி. நாலு நிமிடம் மிச்சம். இவர்கள் இரண்டு புள்ளி முன்னுக்கு.

ஒரு பந்து வெளியே போய் ஆட்டம் நின்ற நேரத்தில் ராடெ வாங்குப் பக்கம் பார்த்து யோர்க்கை மேசைக்குப் போகச் சொன்னார். யோர்க் அணியின் இன்னொரு நெட்டையன், தொழிலில் பல் மருத்துவர். மாற்றத்துக்கு வருகிறவர் மேசையில் வந்து சொல்ல வேண்டும். அடுத்த முறை ஆட்டம் நிற்கும்போது புள்ளி எழுதுகிறவர் ஹோர்னை அழுத்த வேண்டும். ஹோர்ன் ஊதினால்தான் ஆள் மாறலாம். இதுதான் முறை. யோர்க் வந்து மேசைக்கு முன் கதிரையில் குந்தினார். ராடெ மேசையைத் தாண்டி ஓடும்போது, பிளோறன்ஸைப் பார்த்துத் தன் நெஞ்சை விரலால் தொட்டார்.

“எனக்குப் பதிலா,” என்றார்.

மடு மாதாவே, மனுசன் செய்துவிட்டார்!

அரை நிமிடத்தில் திரும்பவும் பந்து வெளியே போனது. நடுவர் விசில் அடித்தார். பிளோறன்ஸின் விரல் ஹோர்ன் பொத்தானுக்கு மேலே இருந்தது.

அவள் அழுத்தவில்லை.

ஏன் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டிருக்கிறாள். மறக்கவில்லை, தூங்கவில்லை, ஏமாறவுமில்லை. பரீட்சையில் முழுப் புள்ளி வாங்கியவளுக்கு முறை தெரியாதா? அந்த மனிதர் இடுப்பில் கையை ஊன்றி, வியர்வை வழிய நிற்பதைப் பார்த்தாள். இது ஊதினால் அவ்வளவுதான், இருபது வருட விளையாட்டு முடிந்தது, இனி வாழ்நாளில் இந்த மனிதர் பந்தோடு களத்தில் இல்லை. இதை என் விரலால் செய்ய வேண்டுமா? இன்னும் ஒரு பந்து ஆடட்டுமே. ஒரே ஒரு பந்து. அடுத்த முறை அழுத்துவேன். விசர் மனம் அப்படித்தான் சொன்னது.

ராடெ மேசையைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளை நேராக வந்து தொட்டது. அதற்குள் நடுவர் பந்தைக் கொடுத்துவிட்டார், ஆட்டம் தொடங்கிவிட்டது. பதினோரு விநாடி போயிருக்கும். எதிரணி ஆள் கூடைக்கு அடியில் எழும்ப, ராடெயும் எழும்பினார். இரண்டு பேரும் மோதி விழுந்தார்கள். விசில்.

ராடெக்கு ஐந்தாவது பவுல்.

பக்கத்தில் நேரம் பார்த்த பெண் இடித்த பிறகுதான் பிளோறன்ஸ் சிவப்பு அட்டையைத் தூக்கினாள். மேலே பார்வையாளர் வரிசையில் இருந்த லின்டன் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு எழுந்து போவதைக் கண்டாள். எதிரணி இரண்டு இலவச எறிதலையும் போட்டது. வாங்கில் இருந்த ராடெ தொண்டை கிழியக் கத்திப் பயிற்றுவித்தார், ஆனாலும் எழுபத்தொன்றுக்கு எழுபது என்று ஒரு புள்ளியால் போய்விட்டது. கழகம் ஒரு பிரிவு கீழே இறங்கியது. ராடெ மேசைக்கு வந்து, வழக்கம்போல எழுதுகிறவர்களுக்குக் கை கொடுத்தார். பிளோறன்ஸுக்கும் கொடுத்தார்.

வீட்டில் அவள் சோறு தின்னவில்லை. எல்லாவற்றையும் லோறன்ஸிடம் கொட்டினாள்.

“இஞ்சேரும், ஆருக்கும் தெரியாதுதானே?” என்றார் லோறன்ஸ். “யோர்க் தான் வேற ஆளுக்குப் பதிலா வந்தனான் எண்டு நினைச்சிருப்பான். பேசாமல் இரும். கழகத்தை இறக்கினவள் எண்டு பேர் வாங்கப்போறீரோ?”

“நான் பேசாமல் இருந்தா அந்த மனுசன்ர சீவியம் போச்சு. அவர் சொல்லமாட்டார். செத்தாலும் சொல்லமாட்டார்.”

“உமக்கேன் உந்தக் கண்டறியாத வேலை?”

“இரக்கப்பட்டுத்தான் இந்த அழிவு செய்தனான். இன்னும் பொத்திக்கொண்டிருந்தா அது இரக்கமில்லை, பயம்.” அவள் எழுந்து போய்ச் சட்டியைப் படாரென்று கழுவத் தொடங்கினாள். அதற்கு மேல் பேசினால் சட்டி தன் பக்கம் வரும் என்று லோறன்ஸுக்குத் தெரியும்.

புதன்கிழமை பின்னேரம் கழக நிர்வாகம் மண்டபத்தின் மேல்மாடி அறையில் கூடியது. லின்டன், இன்னும் இரண்டு பேர், அணியின் சார்பில் யோர்க், சுவர் ஓரமாக ராடெ. கேட்காமல் கொள்ளாமல் பிளோறன்ஸ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். பேசுவதற்கு வீட்டிலேயே ஜெர்மனில் எழுதிப் பாடமாக்கியிருந்தாள். உள்ளே போனதும் அது முழுக்கப் பறந்துவிட்டது.

“அவர் மாற்றம் கேட்டவர்,” என்றாள். “தனக்குப் பதிலாகத்தான் கேட்டவர். நான் ஹோர்னை அழுத்தவில்லை. தெரிந்துகொண்டே அழுத்தவில்லை. அந்தப் பவுல் என்னுடையது.”

லின்டன் ராடெ பக்கம் திரும்பினார்.

“உண்மையா?”

ராடெ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இல்லை. நான் கேட்கவில்லை.”

பிளோறன்ஸுக்கு வந்த கோபம்! “பொய் சொல்லாதேங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டாள். பிறகு ஜெர்மனில் கத்தினாள். “நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர்கள்! எனக்குப் பதிலாக என்று சொன்னீர்கள்! நான் குருடியா?”

“பிளோறன்ஸ் நல்லவர். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார்,” என்றார் ராடெ. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை, மலை ஓட்டத்தில் பழகிய முகம்.

லின்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யோர்க்கிடம் கேட்டார். “நீ எதற்கு மேசையில் போய் இருந்தாய்?”

“ராடெ போகச் சொன்னார்.”

“யாருக்குப் பதிலாக?”

“அது சொல்லவில்லை. ஒரு ஆளையும் வெளியே எடுக்கவில்லை, அதனால் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.” யோர்க் கொஞ்சம் யோசித்தார். முகம் மெல்ல மாறியது. “ஆனால் நான் ஆடுவது ராடெயின் இடத்தில் மட்டும்தானே. பந்தைக் கொண்டு ஓட எனக்குத் தெரியாது, தூரத்திலிருந்து எறியவும் வராது. அவர் இடத்தைத் தவிர வேறு எந்த இடத்துக்கு என்னை இறக்குவார்?”

லின்டன் கதிரையில் சாய்ந்தார். ராடெயைப் பார்த்து, “மடையா,” என்றார். அதில் கோபத்தைவிட வேறு ஏதோதான் கூட இருந்தது. கையெழுத்துப் போட இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. வரும் பருவத்திலிருந்து ராடெ முழுநேரப் பயிற்றுநர். யோர்க் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். பிளோறன்ஸின் பிழையைப் பற்றி லின்டன் ஒரு சொல் சொல்லவில்லை. மற்றவர்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

கீழே, சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் ராடெ அவளைப் பிடித்தார்.

“ஏன் உள்ளுக்குப் பொய் சொன்னீங்கள்?” என்று அவள் பாய்ந்தாள். இன்னும் கோபம் ஆறவில்லை.

“மேசையில பழியைப் போட்டு நான் ஒருநாளும் தப்பினதில்லை. இனியும் மாட்டன்.” ராடெ அவளை நேராகப் பார்த்தார். “ஆனா நீங்கள் செய்தது பிழை.”

“தெரியும்.”

“சின்னப் பிழையில்லை. நான் எத்தனை வருசத்துக்குப் பிறகு வாயைத் திறந்து கேட்டனான், தெரியுமோ? நீங்கள் அதைப் பறிச்சுப்போட்டீங்கள்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. “ஓம்,” என்றாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“மன்னிச்சிட்டன். ஆனா அடுத்த பருவம் முதல் மூண்டு ஆட்டத்துக்கு நீங்கள் மேசைக்கு வரவேண்டாம்.”

“என்னையோ?” பிளோறன்ஸுக்குக் காதை நம்ப முடியவில்லை. “என்னையோ எடுக்கிறீங்கள்? நாலு வருசம் ஒரு எழுத்துப் பிழை விட்டிருக்கிறனோ? உங்களுக்காக வந்து எல்லாருக்கும் முன்னால மானம் கெட்டு நிண்டனான்!”

“அதுக்கு நன்றி,” என்றார் ராடெ. “ஆனாலும் மூண்டு.”

“ரண்டாக் குறையுங்கோ.”

“மூண்டு. நாலாவதுக்கு வாங்கோ, பிந்தாமல் வாங்கோ. உங்களைப்போல எழுத எங்களிட்ட வேற ஆள் இல்லை.”

சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டு ட்ராமுக்கு நடந்தார். அவள் சைக்கிள் பூட்டைத் திறக்கக்கூட மறந்து அந்த இடத்திலேயே நின்றாள். வீட்டுக்கு வந்து சேரும்வரை வழியெல்லாம் அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது. லோறன்ஸ் கதவைத் திறந்தார்.

“என்னவாம்? அழுதனீரோ?”

“மூண்டு ஆட்டத்துக்கு என்னை வெளிய இருத்திப்போட்டார்.”

“ஆர்? லின்டனோ?”

“இல்லை. எங்கட ட்ரெயினர்,” என்று சொல்லும்போது பிளோறன்ஸுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது.